முன்னொட்டும் பெயர்வெளியும்

ஓசூர் என்னும் ஊர்ப்பெயர்க்குப் புதிய ஊர் என்பது பொருள். கன்னடத்தில் 'ஹொச' என்பது புதுமையையும், 'ஊரு' என்பது ஊரையும் உணர்த்தும். தமிழகத்தில் புதூர் என்னும் பெயருடைய ஊர்கள் பலவாதல் போலக் கன்னட நாட்டிலும் ஹொசூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல. ஆதலின் அத்திப்பள்ளிக்கு அப்பால் நின்று ஒருவர், 'யான் ஹொசூரினின்றும் வருகின்றேன்' என்பாராயின், 'எந்த ஹொசூர்?' எனக் கேட்பார் வினவுதல் இயல்பே. 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் தருமபுரியினின்றும் பிரிந்து அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் என்று விரித்துரைத்தபோழ்தே ஐயம் தீரும். இனி, அவ்வொரே ஊரை ஓசூர் என்றும், ஹோசூர் என்றும், ஹொசூரு என்றும் பலவாறு எழுதுகின்றனர். எழுத்து மூன்றாயினும் ஊர் ஒன்றே. ஒரு பெயர் பல பொருளைக் குறித்தலும், பல பெயர் ஒரு பொருளைக் குறித்தலும் ஆகிய இவ்விரண்டும் எல்லைப்புறத்தில் வாழும் எமக்கு நாடோறும் கண்கூடு.

இவ்விரு நிலையும் மக்கள் வழக்கில் மட்டுமன்றிக் கணினி எழுதும் ஏடுகளிலும் உள்ளன என்பதும், ஆண்டுப் பெயர் மயக்கத்தை ஒழித்தற்கு வகுக்கப்பட்ட விதியை உணராது நிரல் எழுதுவோர் பெரிதும் இடர்ப்படுகின்றனர் என்பதும் சென்ற விடுமுறையில் யாம் நேரிற் கண்டவை. கணினி நூலை முறையாகப் பயின்றிலேமாயினும், இது சொல்லும் பொருளும் பற்றிய செய்தியாதலின், தமிழ் பயில்வார்க்கும் உரியதே எனத் துணிந்து இக்கட்டுரையை வரைகின்றோம்.

பல பொருள் ஒரு சொல்

எக்ஸ்.எம்.எல். என்பது செய்திகளைக் கணினிகள் ஒன்றற்கொன்று அனுப்புதற்கு ஏற்பட்ட ஓர் எழுதுமுறை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதனை 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் தன் பரிந்துரையாக வெளியிட்டது. இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் தொடக்கக் குறி, முடிவுக் குறி என்னும் இரண்டன் இடையே வைக்கப்படும். அங்ஙனம் வைக்கப்பட்டதை உறுப்பு என்போம். தொடக்கக் குறியினுள்ளேயே உறுப்பின் இயல்பைச் சுட்டி எழுதப்படுவதைப் பண்பு என்போம். உறுப்புக்கும் பண்புக்கும் இன்ன பெயரே இடல்வேண்டும் என்னும் வரையறை அம்முறையில் இல்லை. மருத்துவர் தமக்கு வேண்டிய பெயர்களை இட்டுக்கொள்ளலாம். வணிகர் தமக்கு வேண்டியவற்றை இட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்தாலும் இடலாம்.

இவ்வுரிமையாலேயே இடரும் பிறந்தது. அஃது எவ்வாறெனின், கிருஷ்ணகிரி மாங்கனிக்குப் பேர்போன நாடு. மாங்கூழ் ஆலைகள் பலவுடையது. அத்தகைய ஆலை ஒன்றன் ஏட்டில் 'மா' என்னும் பெயருடைய உறுப்பு ஒன்று காணப்படின், அது தோப்பில் நிற்கும் மரத்தைக் குறிக்குமன்றோ? பழைய நிலக் கணக்கிலோ மா என்பது வேலியில் இருபதில் ஒரு கூறாகிய அளவு. தோப்புக் கணக்கையும் நிலக் கணக்கையும் ஒரே ஏட்டில் சேர்த்தெழுத நேரின், எந்த மா மரம், எந்த மா நிலம் என்று கணினி எங்ஙனம் அறியும்?

இவ்வையம் நம் இலக்கண ஆசிரியர்க்குப் புதிதன்று. பலபொருள் ஒருசொல் இருவகைப்படும் என்று தொல்காப்பியனார் சொல்லதிகாரத்திற் பகுத்தனர். ஒன்று, வினையால் வேறுபாடு விளங்குவது. மற்றொன்று, வினையாலும் விளங்காதது. மா பூத்தது என்றவழி, பூத்தல் மரத்தின் தொழிலாதலின் பொருள் தானே விளங்கும். மா வீழ்ந்தது என்றவழி, வீழ்தல் மரத்திற்கும் விலங்கிற்கும் ஒத்தலின் விளங்காது. அத்தகைய இடத்து இன்னது எனக் கிளந்து கூறுதலே வழி. மனிதன் குறிப்பாலும் இடத்தாலும் ஓரளவு உய்த்துணர்வான். கணினிக்கு அவ்வாற்றல் இல்லையாதலின், அதற்கு எல்லாச் சொல்லும் இரண்டாம் வகையினவே. எல்லாவற்றையும் கிளந்தே கூறல்வேண்டும்.

கிளந்து கூறாமையால் வரும் கேடு சிறிதன்று. நம் ஆண்டவரின் சீடர் பன்னிருவருள் யூதா என்னும் பெயருடையார் இருவர். ஒருவர் உண்மையுள்ள அடியார். மற்றொருவன் காட்டிக் கொடுத்தவன். யோவான் தம் சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் முதல்வரைப் பற்றிச் சொல்லுங்கால், இவர் ஸ்காரியோத்து அல்லர் என்று ஒரு சொல்லைச் சேர்த்தே எழுதினார். அவ்வொரு சொல் இல்லையேல், பழி பிறர்மேல் ஏறும்.

தலைப்பெழுத்தும் தகப்பன் பெயரும்

இவ்விடரை நீக்குதற்கு 1999ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் அக்கூட்டமைப்பு பெயர்வெளி விதியை வெளியிட்டது. அதன் சாரம் இது: ஒவ்வொரு சொற்றொகுதிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனிப்பெயர் ஒன்று வேண்டும். இணைய முகவரிகள் ஒருவர்க்குரியது மற்றொருவர்க்கு ஆகாமையின், அவ்வடிவிலேயே அத்தனிப்பெயரை இடுவர். அதுவே பெயர்வெளியின் பெயர். அம்முகவரிக்குச் சென்று எதையேனும் படித்தல்வேண்டும் என்பதன்று. அங்கே யாதும் இல்லாதிருப்பினும் குற்றமில்லை. வேறுபடுத்தலே அதன் தொழில்.

அம்முகவரியோ நீளமானது; ஒவ்வொரு சொல்லோடும் முழுமையாக எழுதின் ஏடு பெருகும். ஆதலின் ஏட்டின் தலைப்பில், 'இவ்வேட்டில் தோ என்று வருவது இன்ன பெயர்வெளியைக் குறிக்கும்; நி என்று வருவது இன்ன பெயர்வெளியைக் குறிக்கும்' என ஒருமுறை அறிவித்துவிட்டு, பின்னர்க் குறுகிய எழுத்தையே சொல்லின் முன் ஒட்டிப் புள்ளி இரண்டு மேலும் கீழுமாக இட்டாற்போன்ற குறியால் பிரித்தெழுதுவர். அக்குறுகிய எழுத்தே முன்னொட்டு.

<தோ:மா>500</தோ:மா>
<நி:மா>3</நி:மா>

மேலது ஐந்நூறு மரம். கீழது மூன்று மா நிலம். மயக்கம் ஒழிந்தது.

இதனை நம் பெயர் வழக்கைக் கொண்டு நன்கு உணரலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜகோபாலாச்சாரியார். அவர் காலத்துச் சென்னை அரசியலில் அதே பெயருடைய மற்றொரு பெரியாரும் விளங்கினர். அவர் திருவிதாங்கூரில் 1907 முதல் 1914 வரை திவானாக இருந்து, பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் தலைவரானவர். இவரைப் பி. என்னும் எழுத்தாலும், நம் ஊரவரைச் சி. என்னும் எழுத்தாலும் வேறுபடுத்தினர். சி. என்பது சக்கரவர்த்தி என்னும் தந்தை பெயரின் ஆங்கில முதலெழுத்து. அதனையே தமிழில் ச. என்று எழுதுவாரும் உளர். சி. என்றாலும் ச. என்றாலும் விரிவு ஒன்றாதலின் ஆளும் ஒருவரே. எழுத்து ஒத்தும் விரிவு வேறாயின் ஆளும் வேறே.

ஆகவே, முன்னொட்டு தலைப்பெழுத்தைப் போன்றது. பெயர்வெளி அதன் விரிவாகிய தந்தை பெயரைப் போன்றது. நன்னூலார் பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். முன்னொட்டு ஏதேனும் காரணம் கருதி இடப்பட்டதாயினும், விதியின் கண்ணில் அது வெறும் இடுகுறியாகவே நிற்கும். தோ என்பதைத் தப என்று மாற்றி, அறிவிப்பையும் உடன் மாற்றிவிடின், ஏட்டின் பொருள் அணுவளவும் மாறாது. பெயர்வெளியில் ஓரெழுத்து மாறினோ, முழுவதும் மாறிவிடும். அம்முகவரிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதலே விதியாதலின், ஈற்றில் ஒரு சாய்கோடு மிகினும் அது வேறு பெயர்வெளி. பாதுகாப்பான முகவரி நல்லது எனக் கருதிப் பழைய பெயர்வெளியின் முதலில் நிற்கும் எச்.டி.டி.பி. என்பதனோடு எஸ். என்னும் எழுத்தைச் சேர்ப்பாரும் உளர். அவர் ஏட்டைப் பாதுகாப்பவர் அல்லர். அதன் குலத்தையே மாற்றுகின்றவர்.

மூன்று நுட்பங்கள்

நிரல் எழுதுவோர் மறவாது கொள்ளவேண்டிய நுட்பங்கள் மூன்று.

ஒன்று, அறிவிப்பின் ஆட்சியெல்லை. ஓர் உறுப்பின் தொடக்கக் குறியிற் செய்த அறிவிப்பு, அவ்வுறுப்பிற்கும் அதன் அகத்துள்ள உறுப்புகட்கும் செல்லும், வெளியே செல்லாது. அகத்தே நிற்கும் ஓர் உறுப்பு அதே முன்னொட்டிற்கு வேறு பெயர்வெளியை அறிவித்துக்கொள்ளவும் கூடும். அங்கே அகத்து அறிவிப்பே வெல்லும்.

இரண்டு, முன்னொட்டில்லா அறிவிப்பு. பெரும்பாலான சொற்கள் ஒரே தொகுதியினவாயின், 'முன்னொட்டின்றி வருவன யாவும் இன்ன பெயர்வெளியின' என அறிவித்தலும் உண்டு. இவ்வறிவிப்பு உறுப்புகட்கு மட்டுமே உரியது, பண்புகட்குச் செல்லாது. முன்னொட்டில்லாப் பண்பு எப்பெயர்வெளியினும் சேராது தன் உறுப்பையே சார்ந்து நிற்கும். ஆதலின் ஒரு பண்பு பிறிதொரு தொகுதியினதாயின், அதற்கு முன்னொட்டு இன்றியமையாதது. இதனை அறியாது, 'உறுப்பிற்குச் செய்த அறிவிப்பு பண்பையும் காக்கும்' எனக் கருதுவோர் பிழைபடுவர்.

மூன்று, எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்துகளாலாகிய முன்னொட்டு பிறப்பிலேயே அறிவிக்கப்பட்டது. அதனைப் பிறர் தமக்கென எடுத்தாளல் ஆகாது. அம்முன்னொட்டுடைய 'லாங்' என்னும் பண்பினால், உறுப்பின் உரை எம்மொழியினது என்று குறிக்கலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரு தெருவில் வழங்கும் ஓசூர்க்கு இது பெரிதும் பயன்படும்.

ரூபாய் காணாமற் போன கதை

இனி, இவ்விதிகள் எம் ஊரில் எங்ஙனம் வாழ்வோடு தொடர்புறுகின்றன எனக் காண்போம். ஓசூர்ச் சிப்காட் பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஊர்தியும் கடிகாரமும் பொறியுறுப்பும் செய்யும் தொழிலகங்கள் நிறைந்துள்ளன. பங்குச் சந்தையிற் பதிந்த நிறுவனங்களும், செலுத்திய மூலதனம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாதனவும், விற்றுவரவு 100 கோடி ரூபாய்க்குக் குறையாதனவும் தம் ஆண்டுக் கணக்கை எக்ஸ்.பி.ஆர்.எல். என்னும் வடிவில் மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்திற்கு அளித்தல்வேண்டும். வங்கி, காப்பீடு முதலிய சிலவற்றிற்கு இதனின்று விலக்குண்டு. 2010-11ஆம் நிதியாண்டு முதல் இம்முறை நம் நாட்டில் வழங்குகின்றது. எக்ஸ்.பி.ஆர்.எல். என்பது எக்ஸ்.எம்.எல். முறையின் மேல் எழுந்த கணக்கியல் மொழி. சார்லஸ் ஹாஃப்மன் என்னும் அமெரிக்கக் கணக்கர் 1998ஆம் ஆண்டு இதற்கு வித்திட்டார்.

இவ்வகை ஏடு ஒன்றில் பெயர்வெளிகள் பல ஒருங்கு கூடும். ஏட்டின் சட்டகத்திற்கு ஒன்று, இணைப்புகட்கு ஒன்று, வருவாய், செலவு, இருப்பு முதலிய கணக்குச் சொற்கட்கு ஒன்று, நாணயங்கட்கு ஒன்று. நாணயத்திற்கு ஏன் தனிப் பெயர்வெளி எனின், ரூபாய் என்பதும் பலபொருள் ஒருசொல்லே. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் நேபாளத்திற்கும் பாகிஸ்தானத்திற்கும் மொரீஷியஸிற்கும் ரூபாய் உண்டு, மதிப்போ வெவ்வேறு. ஆதலின் ஐ.எஸ்.ஓ. 4217 என்னும் பன்னாட்டு நியமத்தின்படி நம் ரூபாய்க்கு ஐ.என்.ஆர். என்னும் மூன்றெழுத்து அமைந்தது. எக்ஸ்.பி.ஆர்.எல். ஏட்டில் 'அளவை' என்னும் உறுப்பின் அகத்தே, உரையாக, 'ஐ.எஸ்.ஓ.4217:ஐ.என்.ஆர்.' என்று எழுதுவர். ஏட்டிலுள்ள தொகைகள் யாவும் இவ்வோர் அளவையையே சுட்டிநிற்கும்.

சென்ற தீபாவளி விடுமுறையில் யாம் ஓசூரில் எம் பெரியப்பாவின் மகனார் வீட்டில் தங்கியிருந்தோம். அவர் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். பைதான் மொழியிற் சிறு நிரல்கள் எழுதிக் கைவேலையைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். முன்னாண்டின் ஏட்டைப் படித்து, எண்களை மட்டும் மாற்றி, இவ்வாண்டின் ஏட்டை எழுதுமாறு அவர் ஒரு நிரல் செய்திருந்தார். பைதானுடன் வரும் எலிமென்ட்ட்ரீ என்னும் நிரலகத்தை அதற்குப் பயன்படுத்தினார். ஏட்டை அமைச்சகத்தின் சரிபார்க்கும் கருவியிலிட்டபோது அது ஏற்கவில்லை. பொதுப்பேரவை கூடிய நாளினின்றும் 30 நாளுக்குள் கணக்கை அளித்தல்வேண்டும். தவறின் நாளொன்றுக்கு 100 ரூபாய் மிகைக் கட்டணம். காலக்கெடு மறுநாள் முடிவதாயிருந்தது. தொகையினும் தம்மேல் வரும் பழிக்கே அவர் பெரிதும் அஞ்சினார்.

அவர் புது ஏட்டைத் திறந்து காட்டினார். முன்னாண்டில் இனிய முன்னொட்டுகள் நின்ற இடமெல்லாம் இப்போது என்.எஸ்.0, என்.எஸ்.1, என்.எஸ்.2 என்னும் கரடுமுரடான எழுத்துகள் நின்றன. 'இதுதான் தம்பி கேடு' என்றார். இதற்குக் காரணம் உண்டு. எலிமென்ட்ட்ரீ ஓர் ஏட்டைப் படிக்குங்கால் முன்னொட்டை நினைவிற் கொள்ளாது. பெயர்வெளியை மட்டுமே கொள்ளும். ஒவ்வொரு பெயரையும், வளைந்த அடைப்பினுள் பெயர்வெளி முழுவதும், அதன்பின் சொல்லும் ஆக வைத்துக்கொள்ளும். மீட்டும் எழுதுங்கால் தானே புதிய முன்னொட்டுகளைப் படைத்துக்கொள்ளும். படைத்தவற்றை முறைப்படி அறிவித்தும் விடும். ஆதலின் குறிகளைப் பொறுத்தவரை இது குற்றமன்று; கண்ணுக்கு இனிமையின்மை ஒன்றே. சி. என்பதைச் ச. என்று எழுதினாற்போல்வது.

அண்ணன் இதற்கு மருந்தறிவார். அந்நிரலகத்தில் 'ரெஜிஸ்டர் நேம்ஸ்பேஸ்' என்னும் கட்டளை உளது. இன்ன பெயர்வெளிக்கு இன்ன முன்னொட்டு எனப் பதிந்துவைப்பின், எழுதுங்கால் அதனையே கையாளும். அவர் முன்னாண்டு ஏட்டின் தலைப்பைப் பார்த்து எல்லாவற்றையும் பதிந்தார். ஏடு அழகாயிற்று, முன்னாண்டினதைப் போலவே தோன்றிற்று. கருவியிலிட்டார். மீட்டும் மறுத்தது.

இரவு நெடுநேரமாயிற்று. 'இலக்கணம் படிக்கின்றாயே, இதற்கொரு விதி உன் நன்னூலில் இல்லையா?' என்று அவர் நகையாடியும் சலித்தும் வினவினார். எமக்கு நிரல் தெரியாது. ஏடு ஒப்புநோக்கத் தெரியும். இரண்டு பாடங்களை அடுத்தடுத்து வைத்து வேறுபாடு காணுதல் சுவடிப் பதிப்பில் முதற் பயிற்சியன்றோ? இரு ஏட்டின் தலைப்பையும் அருகருகே வைத்து, அறிவிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். முன்னாண்டில் இருந்த அறிவிப்பொன்று இவ்வாண்டில் இல்லை. அது நாணயத்தின் அறிவிப்பு. ஏட்டின் அகத்தே 'ஐ.எஸ்.ஓ.4217:ஐ.என்.ஆர்.' என்னும் உரை அப்படியே நின்றது; அதன் முன்னொட்டு எதைக் குறிக்கும் என்று சொல்வார்தாம் இல்லை. விரிவில்லாத தலைப்பெழுத்தாய் ரூபாய் தனித்து நின்றது. அதனைச் சுட்டிநின்ற தொகைகள் யாவும் எந்நாட்டு நாணயம் என்று அறியப்படாத வெற்றெண்கள் ஆயின.

இஃது ஏன் நிகழ்ந்தது? எலிமென்ட்ட்ரீ குறிகளிலும் பண்புகளிலும் பெயராக வருவனவற்றை மட்டுமே நோக்கி, எப்பெயர்வெளிகள் பயன்பட்டனவோ அவற்றையே அறிவிக்கும். பதிந்திருப்பினும், பயன்படாததை அறிவியாது. நாணயத்தின் முன்னொட்டோ எந்தக் குறியின் பெயரிலும் வாராது. உரையின் அகத்தே மட்டும் வருவது. உரை அந்நிரலகத்திற்கு வெறும் எழுத்துத்தொடர். அதனுள் ஒரு பெயர் ஒளிந்திருத்தலை அது அறியாது. பண்பின் பெயரை அறியுமாயினும், பண்பின் மதிப்பினுள் வரும் பெயரையும் அங்ஙனமே அறியாது. ஆகவே அண்ணன் முன்னொட்டுகளைப் பதியாமுன், குறிகளெல்லாம் என்.எஸ்.2 என மாறியிருக்க, மதிப்பினுள் பழைய முன்னொட்டே நின்று, அறிவிப்பாரின்றித் திகைத்திருக்கும். முன்னொட்டு இடுகுறி என்றோம். குறியில் வரும் பெயர்க்கு அது முற்றும் பொருந்தும். உரையில் முன்னொட்டு புகுந்தவிடத்து, அதன் அறிவிப்பைக் காத்தல் எழுதுவான் கடமையாகின்றது.

தீர்க்கும் வழிகள்

அன்றிரவு அண்ணன் கொண்ட வழி எளியது. ஏட்டின் முதலுறுப்பிற்கு, நாணயத்தின் பெயர்வெளி அறிவிப்பைச் சாதாரணப் பண்பு போலக் கையாலேயே சேர்த்தார். எலிமென்ட்ட்ரீ அதனை மறுக்காது எழுதியது. ஏடு ஏற்கப்பட்டது. ஆயினும் இது நெருக்கடிக்கு உதவும் வழியே. பின்னொருநாள் அதே பெயர்வெளி ஒரு குறியிலும் பயன்பட நேரின், நிரலகமும் அதனைத் தானே அறிவிக்கும். ஒரே அறிவிப்பு இருமுறை வந்து ஏடு கெடும்.

நல்வழி வேறு. எல்.எக்ஸ்.எம்.எல். என்னும் நிரலகம் படித்த ஏட்டின் முன்னொட்டுகளையும் அறிவிப்புகளையும், பயன்பட்டனவாயினும் படாதனவாயினும், உள்ளவாறே காக்கும். புதிய ஏட்டை எழுதுங்கால், முதலுறுப்பிற்கே முன்னொட்டும் பெயர்வெளியும் அடங்கிய பட்டியலைக் கொடுத்துவிடலாம். மேலும், உரையில் வரும் பெயரை எழுத்துத்தொடராகக் கொடாது 'கியூநேம்' என்னும் பொருளாகக் கொடுப்பின், இது பெயர் என்று அந்நிரலகம் உணர்ந்து, தக்க முன்னொட்டைத் தானே இட்டுக்கொள்ளும். பண்பின் மதிப்பிற்கு எலிமென்ட்ட்ரீயிலும் இவ்வழி உண்டு. உறுப்பின் உரைக்கு எல்.எக்ஸ்.எம்.எல். வேண்டும்.

நிரலகமே வேண்டாவென்று எழுத்துத்தொடர்களை ஒன்றோடொன்று ஒட்டி ஏடு செய்வாரும் உளர். அது முதலிற் குறுக்குவழியாகத் தோன்றும். ஒரு நிறுவனத்தின் பெயரிடையே 'உம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சுழிக்குறி வந்த அளவிலேயே ஏடு உடையும்; அறிவித்த எழுத்தும் ஒட்டிய எழுத்தும் வேறாயின், உடைந்த இடமும் எளிதிற் புலப்படாது. மூடிய கடிதத்தைப் படியாது முகவரி எழுதுவது போல்வது அம்முறை.

இன்னுமொன்று. பெறுகின்ற நிரல் விதியறிந்ததாயின் எம்முன்னொட்டும் ஒக்கும். சில நிரல்களோ விரிவை நோக்காது எழுத்தையே நோக்கும். அத்தகையவற்றிற்கு அவை வழங்கும் முன்னொட்டையே வழங்கல் அறிவுடைமை. எம் அண்டை நகராகிய பெங்களூரில் 1986ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனத்தினது டேலி என்னும் கணக்கு நிரல், சிறு தொழிலகங்கள் பலவற்றில் வழங்குவது. அதன் எக்ஸ்.எம்.எல். ஏட்டிலே, பயனாளர் தாமே சேர்த்த புலங்கட்கு யு.டி.எஃப். என்னும் முன்னொட்டு உண்டு. அதன் பெயர்வெளி முழு முகவரியன்று, டேலியு.டி.எஃப். என்னும் ஒரு சொல்லே. இத்தகைய முழுமையற்ற பெயர்வெளிகளைக் கைவிடுமாறு 2000ஆம் ஆண்டிலேயே வலைக் கூட்டமைப்பு முடிவு செய்தது. ஆதலின் அதனைப் படிக்கும் பிற நிரலகங்கள் சில எச்சரிக்கை எழுப்புதல் உண்டு. அவ்வெச்சரிக்கைக்கு அஞ்சிப் பெயரைத் திருத்தி எழுதுதல் கூடாது. திருத்தினால் அது வேறு பெயர்வெளியாகிவிடும். பிறர் தம் பெயரை எழுதுமாறே நாமும் எழுதுதல் மரபன்றோ?

பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவார்க்கு மற்றொரு விழிப்பும் வேண்டும். எக்ஸ்.பி.ஆர்.எல். சொல்லகராதிகள் புதிய பதிப்பாய் வெளிவருங்கால், பெயர்வெளியினுள் அமைந்த ஆண்டு மாறுதலும் முன்னொட்டு மாறாமையும் வழக்கம். முன்னொட்டு ஒன்றாயிருத்தலைக் கண்டு, பழைய பெயர்வெளியையே கொண்டுபோதல் ஆகாது. தலைப்பெழுத்து ஒத்தமையால் தந்தையும் மகனும் ஒருவரென்று கொள்ளுதல் போலாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை: பெயர்வெளியே பொருள், முன்னொட்டு அதனைச் சுட்டும் இடுகுறி. முன்னொட்டு மாறுதலுக்கு அஞ்சவேண்டா. அறிவிப்பு மறைதலுக்கே அஞ்சல்வேண்டும். உறுப்பிற்குச் செல்வது பண்பிற்குச் செல்லாது. உரையினுள்ளும் மதிப்பினுள்ளும் ஒளிந்துநிற்கும் பெயர்களைத் தேடிக் காத்தல்வேண்டும். ஏடு மறுக்கப்படின், கண்ணை உறுத்துவதையே குற்றமெனத் துணியாது, முன்னைய பாடத்தோடு ஒப்புநோக்கி, இல்லாமற் போனது யாதென எண்ணுதல்வேண்டும்.

அண்ணனும் யாமும் அன்றிரவில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை, உள்ளபடியே குற்றமில்லாத என்.எஸ்.0 என்னும் எழுத்தின்மேற் சினந்து கழித்தோம். அயலானாகத் தோன்றியது நன்றாகவே இருந்தது. நம்முடையதாகத் தோன்றியதன் வேர் அற்றிருந்தது. மூன்று மொழியும் பல நாட்டு மக்களும் கலந்து வாழும் எல்லைப்புறத்தார்க்கு இது கணினிக்கு அப்பாலும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் நம் ஊரின் பெயரை நமக்குப் பழகாத எழுத்தால் எழுதுவாராயின் சினவாது, அவர் சுட்டும் ஊர் யாது என்று கேட்போமாக. நாம் எழுதுங்காலோ, குறுக்கி எழுதும் ஒவ்வொரு எழுத்திற்கும் அதன் விரிவை ஓரிடத்தேனும் தெளிவுற எழுதிவைப்போமாக.